போக்கராவுக்குப் போகிறீர்களா? கைக்கடிகாரத்தை மாற்றாதீர்கள்

ஒரு பிப்ரவரிக் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் 74 வயது அம்மாவும் நேப்பாளத்தின் போக்கராவில் ஐந்து இரவு தங்கிவிட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் மின்தூக்கியில் ஆரம்பித்து கோயில் அன்னதான வரிசை வரைக்கும் ஒரே கேள்விதான்: "குளிர் தாங்குமா? அம்மாவை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போனீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் கடிகாரம். நேப்பாளம் நமக்கு 2 மணி 15 நிமிடம் பின்னால். அதென்ன கால் மணிக் கணக்கு என்று நானும் விசாரித்தேன். கௌரிசங்கர் சிகரத்தின் வழியாகப் போகும் தீர்க்கரேகையை வைத்து அவர்கள் நேரத்தை வகுத்திருக்கிறார்கள். அதனால் இந்தியாவை விடக் கால் மணி முன்னால் ஓடுகிறார்கள். நான் 34 வருடம் தாதியாக இரவு பகல் பார்க்காமல் வேலை செய்தவள். தூக்கத்தோடு சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வழக்கமாகக் காலை ஏழரைக்கு எழுபவர் என்றால், அங்கே உங்களுக்குத் தானாக முழிப்பு வரும் நேரம் ஐந்தே கால். இரவு பத்தரைக்குப் படுப்பவருக்கு அங்கே எட்டே காலுக்கே கண் சொருகும். ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறேன் பேர்வழி என்று பதினொரு மணி வரை விழித்திருக்காதீர்கள். ஏனென்றால் பின்குளிர்காலத்தில் போக்கராவில் மலை தெரிவது விடிகாலையில்தான். ஒன்பது, பத்து மணி வரை பளிச்சென்று இருக்கும். அப்புறம் புகைமூட்டமோ மேகமோ ஏறிவிடும். மதியம் ஒரு மணிக்கு அந்தத் திசையைப் பார்த்தால் அங்கே மலை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். சிங்கப்பூர்க்காரருக்கு அலாரம் இல்லாமலே மலை கிடைக்கிறது என்றால் அந்த வசதியை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

எந்த மாதம் என்று கேட்பவர்களுக்கு: பிப்ரவரி இரண்டாம் பாதியைத்தான் சொல்வேன். டிசம்பர், ஜனவரியில் காலை மூடுபனி காத்மாண்டு விமானங்களைப் பாடாய்ப் படுத்தும். மார்ச் கடைசி, ஏப்ரல் ஆகிவிட்டால் காட்டுத்தீப் புகையும் தூசியும் சேர்ந்து மலையை மறைத்துவிடும். நமக்குச் சில வருடங்களில் வருகிற புகைமூட்டத்தின் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் வாரத் தொடக்கத்திலேயே போய்விடுங்கள்.

இன்னொரு பயம், உயரம். அம்மாவுக்கு மூச்சு முட்டுமோ என்று என் தம்பி தொலைபேசியில் புலம்பித் தீர்த்தான். போக்கரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர்தான். ஏற்காட்டை விடத் தாழ்வு, கொடைக்கானலில் பாதி கூட இல்லை. நகரத்தில் பனி கொட்டாது. பனியெல்லாம் எதிரே நிற்கும் மலையில். அதுதான் இந்த ஊரின் விசேஷமே. நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கிறீர்கள், இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி 6,993 மீட்டர் உயரத்துக்கு மச்சப்புச்சரே நிற்கிறது. நம் புக்கிட் தீமா குன்றை ஒன்றின் மேல் ஒன்றாக 42 தடவை அடுக்கினாலும் அதன் உச்சி எட்டாது. மச்சம் என்றால் மீன், புச்சம் என்றால் வால். நம் பழைய தமிழிலும் உள்ள சொற்கள்தான். ஆனால் ஏரிக்கரையில் நின்று வாலைத் தேடாதீர்கள். இங்கிருந்து பார்த்தால் ஒற்றைக் கூர்முனை. மேற்கே சுற்றிப் போனால்தான் இரண்டாகப் பிளந்த வால் தெரியும். 1957இல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சுமார் 45 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பிவிட்டது. புனித மலை என்பதால் அதற்குப் பிறகு ஏற அனுமதியே கிடையாது.

குளிர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வெளியில் குளிரும், உள்ளே போனால் கதகதப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். போக்கராவில் நேர்மாறு. மதியம் வெளியே 20, 22 டிகிரி. வெயிலில் நடந்தால் டி-ஷர்ட் போதும். அறைக்குள்ளேதான் ஜில்லென்று இருக்கும். சாதாரண விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி கிடையாது. சிமெண்ட் சுவர், மொசைக் தரை, ராத்திரி எட்டு ஒன்பது டிகிரி. ஆகவே பெரிய கோட்டு ஒன்றுக்குப் பணத்தைக் கொட்டாமல் மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போடும்படி எடுத்துப் போங்கள். உள்ளே ஒட்டிக்கொள்ளும் ஹீட்டெக் மாதிரி ஒன்று, மேலே கம்பளி, அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். முஸ்தபாவிலும் டெக்கத்லானிலும் எல்லாம் கிடைக்கும். முக்கியமாகத் தடித்த காலுறை நான்கு ஜோடி, அறைக்குள் போட ஒரு ரப்பர் செருப்பு. இதை நான் மறந்தேன். முதல் ராத்திரி கழிவறைக்குப் போய்வந்த பாதங்கள் விடியும் வரை சூடு ஏறவில்லை. வெந்நீர்ப் பையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பறையில் கேட்டால் கொதிக்கும் நீர் ஊற்றித் தருவார்கள். படுக்கையில் கால்மாட்டில் போட்டால் சொர்க்கம்.

அப்புறம் குளியல். எங்கள் விடுதியின் விளம்பரத்தில் '24 மணி நேரமும் வெந்நீர்' என்று போட்டிருந்தது. பெயர் வேண்டாம். மொட்டைமாடியில் இருந்தது சூரிய வெப்பத் தொட்டி. முந்தின நாள் சேர்ந்த சூட்டை ராத்திரி வந்தவர்கள் எல்லாம் குளித்துத் தீர்த்துவிட்டார்கள். அம்மா வாழ்நாளில் விடியற்காலை தலைக்கு ஊற்றாமல் சாமி கும்பிட்டதில்லை. நான் எழுவதற்குள் குளியலறைக்குள் போய்விட்டார். ஒரே ஒரு "ஐயோ" கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கதவைத் தட்டினால், "இரு, ஊத்திட்டேன், இனிமே என்ன" என்றார். இரண்டு நாள் மூக்கு ஒழுகியது. மூன்றாம் நாளிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குக் குளிக்க ஆரம்பித்தோம். வெயில் முழுசாகக் குடித்த தொட்டி, கை சுடும் அளவுக்கு நீர். தலைமுடியும் மாடி வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும். காலையில் கை கால் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினால் அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் ஹேர்பின்னால் சுரண்டத்தான் வேண்டும். வாய் அகன்ற டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். காற்று ரொம்ப வறட்சி, உதடும் குதிகாலும் வெடிக்கும்.

போகும் வழி. சிங்கப்பூரிலிருந்து காத்மாண்டுக்கு நேரடி விமானம் உண்டு, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். விசா காத்மாண்டு விமான நிலையத்திலேயே வாங்கலாம். 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர். இணையத்தில் படிவத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டு, கசங்காத டாலர் தாளாகக் கையில் வைத்திருந்தால் வரிசை வேகமாக நகரும். செலவுக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளி நூறு நேப்பாள ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டோம். சற்று முன்பின் இருந்தாலும் கடையில் திணறாமல் இருக்க அது போதும். நம் வீட்டு மூன்று முனைச் செருகி அங்கே நுழையாது, மாற்றி ஒன்று வேண்டும்.

காத்மாண்டிலிருந்து போக்கரா 200 கிலோமீட்டர். விமானத்தில் அரை மணிகூட ஆகாது. ஆனால் 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பாள விமான நிறுவனங்கள் எல்லாவற்றையும் தடைப்பட்டியலில் போட்ட செய்தியை என் வீட்டுக்காரர் எங்கேயோ படித்துவிட்டார். "அம்மாவை வச்சுக்கிட்டு எதுக்கு ரிஸ்க்கு" என்று சுற்றுலாப் பேருந்தில் டிக்கெட் போட்டார். சாலை விரிவாக்க வேலை நடந்துகொண்டிருந்த சமயம். ஒன்பதரை மணி நேரம். திரிசூலி ஆறு பச்சையாகக் கூடவே வந்தது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குலுக்கலில் அம்மாவின் முட்டியும் வீட்டுக்காரரின் முதுகும் செத்தே போயின. இறங்கியதும், "திரும்பும்போது பிளேன்" என்று அவரே சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். விமானத்தில் போகிறவர்கள் போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்கம் கேளுங்கள். மலைகள் வடக்கே. 2023இல் திறந்த புது விமான நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்கு டாக்சியில் கொஞ்ச தூரம்தான். பேருந்துதான் என்று முடிவு செய்தால் முன் பாதியில் இடம் பிடியுங்கள். கடைசி வரிசையை வேண்டாதவர்களுக்குக் கொடுங்கள்.

தங்க வேண்டிய இடம் ஏரிக்கரை. லேக்சைடு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று: அங்கே நின்றால் சாராங்கோட் குன்று வடக்கே குறுக்கே வந்து மலையில் பாதியை மறைக்கும். ஏரிக்குள் மலை தலைகீழாகத் தெரிகிற படத்தைப் பார்த்துவிட்டுத்தானே எல்லாரும் கிளம்புகிறோம்? அது வேண்டுமென்றால் தெற்கே அணை இருக்கும் பக்கம் நடந்து போக வேண்டும், அல்லது படகில் ஏரியின் நடுவுக்குப் போக வேண்டும். காற்று எழும்புவதற்குள்.

நாங்கள் போன காலையைச் சொல்கிறேன். ஆறரை மணி. பாராஹி படித்துறையில் மஞ்சள், நீலம், சிவப்பு வண்ணம் பூசிய மரப் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. அவற்றை டுங்கா என்கிறார்கள். கட்டணப் பலகை மாட்டியிருக்கிறது, முகப்பில் சீட்டு வாங்கலாம், பேரம் கிடையாது. மிதவைச் சட்டை கட்டாயம். இரவின் ஈரத்தில் அது முதுகில் ஒட்டும்போது கொஞ்சம் சிலிர்க்கும். படகுக்காரர் துடுப்பைத் தண்ணீரில் போட்டதும் ஆவி விலகியது, கோப்பிக்கு மேல் ஊதினால் விலகுமே, அதே மாதிரி. நடு ஏரிக்கு வந்ததும் அவர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். துடுப்பிலிருந்து சொட்டிய சொட்டுக்கெல்லாம் வட்டம் வட்டமாக விரிந்து அடங்கியது. அடங்கியதும் படகின் பக்கவாட்டில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மச்சப்புச்சரேயின் முனை ரோஜா நிறத்தில் கிடந்தது. அம்மா மலையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டரை மணிக்குக் காற்று வந்தது, ஏரி முழுக்கச் சுருக்கம் விழுந்துவிட்டது.

ஏரி நடுவே தீவில் தால் பாராஹி கோயில். இரண்டடுக்குக் கூரை, வராகி அம்மன். தஞ்சாவூர்ப் பக்கத்து வராகி பக்தையான அம்மாவுக்கு இந்தப் பயணமே இதற்காகத்தான். சனிக்கிழமை போகாதீர்கள். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, கூட்டம் நெரியும், பலியும் உண்டு. மற்ற நாட்களில் காலையில் புறாக்களும் நாலைந்து பேரும்தான். சிவராத்திரி அநேகமாக இந்தப் பருவத்தில்தான் வரும், அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். கோயில் பிரியர்களுக்கு அது கொண்டாட்டம், கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் தலைவலி.

சாராங்கோட் சுமார் 1,600 மீட்டர். அன்னபூர்ணா வரிசை முழுக்க அங்கேதான் திறந்து தெரியும், மேற்கே தவளகிரி வரை. பிப்ரவரிக் கடைசியில் சூரியன் 6:40 வாக்கில் உதிக்கும், ஆனால் சிகரங்களில் நிறம் பிடிப்பது அதற்கும் முன்னால். அதனால் ஐந்தேகாலுக்கு டாக்சி. முந்தின இரவே பேசி வைத்து, காத்திருப்பதற்கும் சேர்த்து விலை முடித்துவிடுங்கள். கேபிள் காரும் இருக்கிறது. அது எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கும் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதல் நாள் வெறும் வெள்ளைச் சுவர். மேகம் அப்படி. மறுநாள் மறுபடி போனோம், கிடைத்தது. ஒரே ஒரு இரவு தங்கிவிட்டுப் போகிற சுற்றுலாக் குழுக்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். குறைந்தது நான்கு காலை கையிலிருந்தால்தான் இரண்டு காலையாவது சரியாக அமையும்.

டாக்சிக்காரரைக் கூப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நேப்பாளியில் அண்ணனுக்கு 'தாய்', அக்காவுக்கு 'தீதி'. மீசை வைத்த ஐம்பது வயது ஓட்டுநரை "தாய், தாய்" என்று கூப்பிட்டதும் பின் சீட்டிலிருந்து அம்மா, "யாரைடீ கூப்பிடுறே?" என்றார். முதல் எழுத்தை அழுத்தி, தம்பியில் வரும் 'த' இல்லாமல் 'சந்தை'யில் வரும் 'த' போலச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். இதே மாதிரி இன்னொரு குழப்பம். ஏரிக்கரை நெடுக 'தகாலி கிச்சன்' என்று பலகைகள். என் வீட்டுக்காரர் தக்காளிச் சாதக் கடை என்று நினைத்துவிட்டார். தகாலி என்பது முஸ்தாங் பக்கத்து வணிகச் சமூகம், சமையலில் பேர் போனவர்கள். கட்டாயம் சாப்பிடுங்கள். வெண்கலத் தட்டில் சோறு, நெய், இரும்புச் சட்டியில் வெந்த கறுப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக் கீரை, புளிக்கவைத்துக் காயவைத்த குந்துருக் கீரை, முள்ளங்கி ஊறுகாய். சோறும் பருப்பும் தீரத் தீரப் போடுவார்கள். பருப்பில் ஜிம்பு என்ற மலைப்பூண்டு இலையைத் தாளிக்கிறார்கள். அம்மா அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிவிட்டார். ஊறுகாயில் திமுர் என்ற மலை மிளகு இருந்தால் நாக்கு மரத்துப்போகும், பயப்பட வேண்டாம், மயக்க மருந்து இல்லை.

மற்றவை சுருக்கமாக. உலக அமைதித் தூபிக்கு ஏரியைக் கடந்து காட்டு வழியே ஏறலாம், முட்டிவலிக்காரர்கள் டாக்சியில் போய்க் கடைசிப் படிகளை மட்டும் ஏறலாம். அந்தப் படிகளே போதும் போதும் என்றாக்கும். பும்திகோட்டில் பீடத்தோடு சேர்த்து 108 அடிச் சிவன். தேவிஸ் அருவியில் இந்தப் பருவத்தில் நூல் மாதிரிதான் தண்ணீர், எதிரே இருக்கும் குப்தேஷ்வர் குகை பரவாயில்லை, ஆனால் படி வழுக்கும். மேகம் மூடிய நாளில் மலையேற்ற அருங்காட்சியகம் போங்கள். 1950இல் முதன்முதலில் அன்னபூர்ணா ஏறியவர்கள் காலத்து உடுப்பைப் பார்த்தால் நம் ஹீட்டெக்கைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நான்காம் நாள் தெருமுனையில் ஒரு தேநீர்க் கடை. அம்மா என்னிடம் தமிழில் "சீனி கம்மியா சொல்லு" என்கிறார். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பாமலே, "தே சி சியூ தாய், ஒண்ணா ரெண்டா?" என்றார். சீனி குறைத்த பால் தேநீருக்கு நம் சிங்கப்பூர் கோப்பிக்கடைப் பேச்சு அது. நான் அப்படியே நின்றுவிட்டேன். சிங்கப்பூரின் மவுண்ட் வெர்னன் முகாமில் கூர்க்கா காவல் படையில் இருந்தவராம். 1949இல் தொடங்கிய படை, ஆள் சேர்ப்பதில் பெரும்பங்கு இந்தப் பக்கத்து மலைக் கிராமங்கள்தான். ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு நாடு திரும்பிவிட வேண்டும். போக்கராவில் அப்படித் திரும்பியவர்கள் நிறையப் பேர். அம்மா கல்யாணமான புதிதில் பார்ட்லி ரோடு பக்கம் குடியிருந்தவர். காலையில் மூட்டையோடு ஓடும் கூர்க்காக்களைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் இப்போது இல்லாத கடைகளின் பெயர்களாக அடுக்கிக்கொண்டே போனார்கள். எனக்கு டீ ஆறிவிட்டது. அவருடைய பிள்ளைகள் சிங்கப்பூரில் பிறந்தவர்கள், வீட்டில் இன்னும் சிங்கிலீஷ்தான் என்றார்.

காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பினால் போதும் என்று ஒரு பட்டியல் சொன்னார்: ரொட்டியில் தடவும் காயா (தேங்காய்ப்பால் முட்டை ஜாம்) ஒரு போத்தல், கோப்பித்தூள், அரை கிலோ இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலிக் கருவாடு. முதல் இரண்டும் சரி, இக்கான் பிலிஸைப் பெட்டியில் வைத்தால் உடுப்பெல்லாம் நாறும். நான்கு பைக்குள் பை போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.